முதலில் உதைக்க வேண்டாம்



நம் பங்கிலுள்ள ஒரு வீட்டின் பின்வளவில், கிடுகுக் கொட்டிலுக்குள், பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஒன்று நின்றது. வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இதைச் சொல்கிறேன். அந்த வீட்டு ஐயா அதில்தான் பூசைக்கு வருவார். முன்னால் பேரப்பிள்ளை நிற்கும், பின்னால் மனைவி ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பாயும் பானையும் கட்டிக்கொண்டு போனதும் அதே ஸ்கூட்டரில்தான். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் பொறுத்து, நிமிர்த்தி உதைப்பார். சேத்தக் இருந்த வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சாய்ப்பு மறக்காது.

2022ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவு பகலாக வரிசை. படகுகளுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் கடற்தொழில் முடங்கிக் கிடந்தது. அந்த மாதங்களில்தான் ஐயா ஸ்கூட்டரைக் கொட்டிலுக்குள் தள்ளி நிறுத்தினார். பெற்றோல் வந்ததும் எடுக்கலாம் என்றுதான் நிறுத்தினார். பெற்றோல் வந்தபோது அவருக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. பிறகு ஒருநாள் நாமெல்லாம் சேர்ந்து அவரைச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே நின்றது. உப்புக்காற்று பட்டுப் பட்டு, கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்புக்குக் கீழே தகரம் பொரிந்து உதிர்ந்தது. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியது. கோழி அதன் அடியில் முட்டையிட்டது.

யாரும் அதை வெறுத்து ஒதுக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நல்லநாள் கழியட்டும் என்று தள்ளிப்போனது. நம்மில் அநேகருடைய செபமும் இப்படித்தானே நின்றது, சகோதரமே? ஆண்டவரே வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு. ஒரு ஞாயிறு தவறியது, பிறகு ஒரு பாஸ்கா தவறியது. குடும்பமாக முழங்காலில் இருந்த அந்த மாலைநேரத்தில் இன்று யார் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? அந்தச் செபத்தை நிறுத்தி வைத்த நாள் எது என்று உங்களால் சொல்ல முடியுமா?

பழைய இரும்பு வாங்குகிறவர் அந்த வீட்டுக்கு வந்து கிலோக் கணக்கில் விலை பேசினார். மூத்த மகன் சரி என்று சொல்லவும் தொடங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கொட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அப்பாவின் நினைவு வருகிறதே, அதைத் தாங்க முடியாமல்தான் அவர் விற்கப் பார்த்தார். முன்பள்ளியில் படிப்பிக்கும் இளைய மகள்தான் தடுத்தாள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இன்று புதியது வாங்குவது யாரால் முடியும்? "அப்பாட ஸ்கூட்டர நான் ஓடுறன் அண்ணா, இந்த வருசம் மட்டும் பொறுங்க" என்றாள். சின்ன லொறி ஒன்றில் ஏற்றிப் பாலாவியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த கராஜ், நாம் நானா என்று கூப்பிடும் ஓர் இஸ்லாமியச் சகோதரருடையது. நாம் தவக்காலத்தில் இருப்பதுபோல அவர் நோன்பு மாதத்தில் இருக்கிறார். தொண்டை வறண்டிருக்க, சூட்டிலும் புகையிலும் நின்று வேலை செய்கிறார். என் மோட்டார் சைக்கிளின் செயினை மாற்றப் போயிருந்த நேரம் என்பதால் நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்கூட்டரை இறக்கியதும் மகன் வழக்கப்படி கிக்கரில் காலை வைத்தார். நானா ஓடிவந்து அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கால எடுங்க. மொதல்ல உதைக்க வாணாம்."

காரணத்தையும் சொன்னார். வருடக்கணக்கில் நின்ற என்ஜினுக்குள் பிஸ்டன் துரு பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் பலங்கொண்டு உதைத்தால் ரிங் உடையும், சிலிண்டரின் உட்சுவர் கீறும். நின்று கெட்டது கொஞ்சமாகவும் உதைத்துக் கெட்டது அதிகமாகவும் போய்விடும். அதனால் பிளக்கைக் கழற்றினார். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் ஒயில் ஊற்றினார். தூசி விழாமல் துணியால் துளையை அடைத்தார். "இனி வீட்ட போங்க. ஒயில் வேலை செய்யட்டும்" என்றார். அன்றைக்குச் செய்தது அவ்வளவுதான்.

அடுத்த முறை போனபோது கியரைப் போட்டு, வண்டியைக் கையால் முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல அசைத்தார். ஒன்றும் நகரவில்லை. முகம் சுளிக்காமல் இன்னும் கொஞ்சம் ஒயில் ஊற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனார். மகன்தான் பொறுக்க முடியாமல் நின்றார். பிறகொரு நாள் அசைத்தபோது உள்ளே ஏதோ மயிரிழையளவு இளகியது. நானா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுகூட அவர் உதைக்கவில்லை.

அன்புக்குரியவர்களே, இன்று வாசிக்கக் கேட்ட லூக்கா நற்செய்தியில் ஓர் அத்திமரம் நிற்கிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்து ஏமாந்த உரிமையாளர், நிலத்தை வீணாக்குகிற இந்த மரம் எதற்கு, வெட்டிவிடு என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோட்டக்காரர் அந்த நியாயத்தை மறுக்கவில்லை. மரம் நல்ல மரம் என்றும் அவர் வாதாடவில்லை. இன்னும் ஓர் ஆண்டு தரும்படி கேட்கிறார்; அந்த ஆண்டில் தாமே குனிந்து சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகச் சொல்கிறார். மரத்தை எதுவும் செய்யச் சொல்லவில்லை. முதல் வேலை முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். உங்களையும் என்னையும் குறித்துத் தந்தையின் முன் நிற்கும் நம் ஆண்டவரின் முகம் இது. நாம் மாறிவிட்டு வந்தால் இரக்கம் காட்டுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. நாம் அசையாமல் கிடக்கும்போதே அவருடைய இரக்கம் உள்ளே இறங்கத் தொடங்கிவிடுகிறது.

அப்படியிருக்க, திரும்பி வருகிறவர்களைக் கோயில் வாசலில் நாம் எப்படி வரவேற்கிறோம்? வருடக்கணக்காக வராத ஒருவர் திருவிழாவுக்கோ, ஒரு மரணப் பூசைக்கோ தயங்கித் தயங்கி வந்து கடைசி வாங்கில் உட்காருகிறார். "என்ன அதிசயம், மழை பெய்யப்போகுது" என்கிறோம். "இவ்வளவு காலம் எங்க இருந்தனீங்க?" என்று பலர் முன்னால் கேட்கிறோம். திருமணச் சிக்கலோடு வந்த பிள்ளையைப் பார்த்து இரண்டு பேர் காதோடு காது பேசுகிறோம். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லைதான். ஆனால் ஒட்டிப்போய்க் கிடக்கும் ஓர் உள்ளத்துக்குள் அந்தச் சொல் என்னத்தைக் கீறுகிறது என்று நமக்குத் தெரியாது. அவர் மறுபடி வருவதில்லை. "பார்த்தீர்களா சுவாமி, அவர் அப்படித்தான்" என்று பிறகு என்னிடம் சொல்கிறோம்.

இந்தக் கரையில் விசுவாசம் ஒருகாலத்தில் எப்படி உயிர்பெற்றது என்பதை நாம் மறக்கலாகாது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபின், கத்தோலிக்கக் குருக்களை அவர்கள் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து துரத்தினார்கள். கல்பிட்டியில் இன்றும் நிற்கும் கோட்டை அந்த ஒல்லாந்தர் கட்டியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோருக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. குருவானவரின் முகத்தையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. பயத்தில் ஒல்லாந்தரின் கோயிலுக்குப் போய்ப் பெயர் பதிந்தவர்களும் இருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்திறங்கினார் புனித யோசேப் வாஸ். வந்த கையோடு வயிற்றோட்டத்தில் விழுந்து சாகக் கிடந்தார். எழுந்ததும் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்தச் செபமாலையைக் கண்டதும் யாருடைய கண் ஒரு கணம் நிற்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்கு மறுபடி போனார்.

எவ்வளவு பொறுமை என்று எண்ணிப்பாருங்கள். விசுவாசத்தை ஏன் காப்பாற்றவில்லை என்று அவர் யாரிடமும் கணக்குக் கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை. இரவில் வந்து, இருட்டில் ஒப்புரவு தந்து, விடியுமுன் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1690ஆம் ஆண்டளவில் கண்டி அரசனின் ஆளுகைக்குட்பட்டிருந்த நம் புத்தளத்துக்கு வந்தார்; இங்கிருந்துதான் 1692இல் கண்டிக்குப் போய், ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலி முகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது இங்கிருந்தும் பஸ் பிடித்துப் போனோமே! நாம் அந்தப் பொறுமையின் பிள்ளைகள். வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

கராஜுக்கு வருவோம். பிஸ்டன் இளகிய பிறகு நானா பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். உள்ளே 2022இன் பெற்றோல் மிச்சம் இருந்தது. வார்னிஷ் மணம் அடித்தது. நிறம் கறுத்துப் பிசுபிசுத்தது. மகள் சின்னப் போத்தலில் புதுப் பெற்றோல் கொண்டுவந்திருந்தாள். லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் கணக்கில் ஒயிலும் கலந்திருந்தாள். பழையதன்மேல் அதை ஊற்றப் போனபோது நானா மறித்து, பழையது ஒரு சொட்டும் இல்லாமல் வடிந்த பிறகுதான் புதியது என்றார். கலந்தால் புதியதும் கெடும். தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்து, அலசி, வெயிலில் வைத்தார்.

நமக்குள்ளும் வடிய வேண்டிய பழையது உண்டு; இதை நான் பயத்தோடும் அன்போடும் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கட்டுவாப்பிட்டிக் குண்டுவெடிப்பில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் மறைமாவட்டத்துக்கு அயலிலேயே இருக்கின்றன, நம்மிடையேயும் இருக்கின்றன. அந்த நாளுக்குப் பிறகு கோயிலுக்குள் கால்வைக்கவே நடுங்கியவர்களை நான் அறிவேன். ஆண்டவர்மேல் கோபம் கொண்டவர்களையும் அறிவேன். அந்தக் கோபத்தை அவரிடமே சொல்லுங்கள், அவர் தாங்குவார். ஆனால் அடுத்த மாதம், அந்த மே மாதத்தில், சிலாபத்திலும் சுற்றுப்புறங்களிலும் என்ன நடந்தது? கடைகள் உடைந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, நம் மாவட்டத்தில் ஓர் உயிரும் போனது. தாக்கப்பட்டவர்கள் குண்டு வைத்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத இஸ்லாமிய அயலவர்கள். அன்று பிறந்த கசப்பு நம் வீடுகளில் எங்கோ ஒரு மூலையில் இன்னும் தேங்கி நிற்கிறதா? மேசையில் பேசும்போது அது வெளியே வருகிறதா? பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது வருகிறதா?

அதை நம் பலத்தால் வடிக்க முடியாது என்பது ஆண்டவருக்குத் தெரியும். அதனால்தான் சிலுவையில் தொங்கும்போது தம்மைக் கொல்கிறவர்களுக்கு மன்னிப்பு வழங்கும்படி தந்தையையே கேட்டார். நம்மால் மன்னிக்க முடியாத இடத்தில் நாமும் அவரோடு சேர்ந்து கேட்கலாம்: தந்தையே, என்னால் இன்னும் முடியவில்லை, நீர் தொடங்கும். அந்தச் செபமே போதும்.

அழிவிலிருந்து என்ன எழும் என்பதற்கு இந்த ஸ்கூட்டரின் பூர்வீகத்தைப் பாருங்கள். பஜாஜ் நிறுவனம் முதலில் இத்தாலிய உரிமத்தோடு வெஸ்பாவைச் செய்தது. அந்த உரிமம் முடிந்தபின் 1972இல் அதே சாயலில் சேத்தக் வந்தது. வெஸ்பாவோ போரின் இடிபாட்டில் பிறந்தது. பொன்தேதெரா என்ற ஊரில் குண்டுவீச்சு விமானங்கள் செய்த பியாஜியோ தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போரில் தானே குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிந்து, வேலையும் வாகனமும் இல்லாமல் சனங்கள் தவித்தபோது, கொராதினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியியலாளர் பெண்களும் பாதிரிமாரும்கூட உடை அழுக்காகாமல் ஓட்டக்கூடிய ஒரு சிறு வண்டியை வரைந்தார். 1946இல் அது வீதிக்கு வந்தது. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா கண்டார். குண்டுவீச்சு விமானம் செய்த கைகள் மீன்பெட்டி சுமக்கும் வண்டியைச் செய்ததைக் கண்டிருந்தால் அவரும் மகிழ்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அழிவிலிருந்து ஒன்றை எழுப்புவது நம் ஆண்டவருக்குப் புதிதல்ல. 2019இலிருந்தும் அவர் ஒன்றை எழுப்புவார், எழுப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு கத்தோலிக்கக் குடும்பத்து அப்பாவின் ஸ்கூட்டருக்காக ஓர் இஸ்லாமியச் சகோதரர் நோன்போடு குனிந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேனே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்கு இது மட்டுமே தேவைப்படும். காபரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதன் நடுவில் ஊசிமுனை போல ஒரு துளை. காய்ந்த பெற்றோல் பிசினாகி அதை அடைத்துவிட்டது. மகன் ஒரு கம்பியைத் தேடினார். "கம்பி குத்தினா ஓட்ட பெருத்துடும், பொறகு எண்டைக்கும் சரிவராது" என்று நானா சொன்னார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வலைக்காரர் வைத்திருக்கும் தங்கூசி இழையை மெல்ல நுழைத்து எடுத்து, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். துளைக்குள் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

நம்மில் சிலர் மனச்சாட்சியைக் கம்பியால் குத்துகிறவர்கள். பெரும்பாலும் நல்லவர்கள், வயதான தாய்மார், கூச்சமுள்ள பிள்ளைகள். சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவத்தையே மறுபடி மறுபடி கிளறி, சரியாகச் சொன்னேனோ, மன்னிப்புக் கிடைத்ததோ என்று இரவில் விழித்துக் கிடக்கிறார்கள். அம்மா, அந்தக் காயத்தை இனிக் குத்தாதீர்கள். குருவானவர் தந்த பாவமன்னிப்பு முழுமையானது. ஆண்டவர் அதைத் திரும்பத் திறந்து பார்ப்பதில்லை.

கிராங்கின் இரு பக்கத்து ஒயில் சீல்களும் காய்ந்து கல்லாகியிருந்ததால் மாற்றினார்கள். கேபிள்கள், ரயர், பிரேக் கட்டை, பிளக் எல்லாம் புதிது. குளவிக்கூட்டைத் தட்டி எடுத்தார்கள். கடைசியில் நானா மகளைக் கூப்பிட்டார். "இப்ப உதைங்க." அவள் ஒருமுறை உதைத்தாள், இல்லை. பிறகு யாரும் சொல்லாமலேயே வண்டியை ஒரு பக்கம் சாய்த்தாள், அப்பா சாய்த்ததுபோல. கொஞ்சம் பொறுத்தாள். நிமிர்த்தி உதைத்தாள். ஸ்டார்ட் ஆனது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

கராஜ் முழுவதும் வெள்ளைப் புகை. வீதியில் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஏதோ பிழை என்று மகள் பயந்து நிறுத்தப் போனாள். முதலில் ஊற்றிய ஒயில்தான் எரிகிறது, விடுங்கள், எரிந்து முடியட்டும் என்றார் நானா. ஆம், நெடுநாளுக்குப் பிறகு திரும்புகிறவருக்கு முதல் நாட்கள் இப்படித்தான் இருக்கும். அழுகை வரும், பழைய ஞாபகம் வரும், சில வேளை பழைய கோபமும் வரும். செபிக்க உட்கார்ந்தால் சொல் வராது. பூசையில் மனம் நிற்காது. அதைக் கண்டு, எனக்கு இது சரிவராது என்று நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களும் மூக்கைப் பொத்தாமல் இருங்கள். நானா அவளிடம், கொஞ்ச நாளைக்குப் பாலாவிச் சந்தியைத் தாண்ட வேண்டாம், மெதுவாக ஓடுங்கள் என்றும் சொல்லியனுப்பினார். திரும்பி வந்தவர்களும் உடனே நாற்பது நாள் ஒருசந்தி, நூறு செபமாலை என்று தொடங்க வேண்டியதில்லை. படுக்குமுன் ஒரு பரலோக மந்திரம். ஞாயிறு ஒரு திருப்பலி. அதோடு தொடங்குவோம்.

இன்றைய அத்திமரம் அடுத்த ஆண்டு காய்த்ததா என்று ஆண்டவர் சொல்லவில்லை. கதையை அங்கேயே விட்டுவிட்டார். தோட்டக்காரர் இன்னும் கொத்திக்கொண்டிருக்கிறார் என்றே நான் நம்புகிறேன். 2025 யூபிலி ஆண்டாகவும் இருந்தது. இழந்த நிலம் கைக்கு வரும், அடிமை வீட்டுக்குத் திரும்புவான் என்று லேவியர் நூல் சொல்லும் அந்த ஆண்டின் அருளுக்குள் நிற்கிறோம்.

ஆகவே, பிள்ளைகளே, வரும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் நான் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்திருப்பேன். கடைசி ஆள் போகும்வரை எழும்பமாட்டேன். எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைவில்லாவிட்டால் "நெடுநாள் சுவாமி" என்று சொல்லுங்கள், போதும். செபம் மறந்துபோயிருந்தால் நான் சொல்லித்தருகிறேன், பின்னால் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், அயலில், வாடியில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் எதையும் விசாரிக்காமல், "நான் போறன், நீங்களும் வாறீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள். நடக்க முடியாதவர்கள், கோயில் வாசலுக்கு வர வெட்கப்படுகிறவர்கள் யாரென்று பூசை முடிந்து எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். வீட்டுக்கு நான் வருகிறேன். பின்வாசல் என்றாலும் வருகிறேன்.

எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.